சத்தம் குறைந்த வாள்

அறுகம்பேயில் மச்சான் வீட்டு முற்றத்தில் முறிந்து விழுந்திருந்த வேப்பங்கிளையை, அவர் புதிதாக வாங்கிய பற்றரி இயந்திர வாளால் அண்மையில் அறுத்துப் பார்த்தேன். கயிறு இழுத்து இயக்கும் தொல்லையில்லை, பெற்றோல் புகையுமில்லை. விசையை அழுத்தினேன்; சற்று நேரத்தில் கிளை இரண்டாயிற்று.

1978 நவம்பர்ச் சூறாவளி கிழக்குக் கரையின் தென்னைகளைச் சாய்த்தபோது, கோடரியும் இருவர் இழுக்கும் வாளும் கொண்டு நாட்கணக்கில் பாதை திறந்தவர்கள் நினைவுக்கு வந்தனர்.

இக்கருவியைப் புதுமை என்பதற்கில்லை. ஜெர்மனியரான பேர்ன்ஹார்ட் ஹைன் 1830 அளவில் எலும்பை அறுப்பதற்காகக் கையால் சுழற்றும் சங்கிலி வாளை அமைத்தார். மரம் அறுக்க அன்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் உருவாக்கியது மின்சார வாளே. அதை இயக்க இருவர் வேண்டும். எமில் லேர்ப்பின் பெற்றோல் வாள் மறு ஆண்டில் வந்தது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து மின்சாரத்திடமே திரும்பியிருக்கிறோம்.

“சத்தமே குறைவு, பார்த்தீங்களா?” என்று மச்சான் மகிழ்ந்தார். என் கவலையும் அதுவே. காட்டில் களவாக மரம் தறிப்போரைக் காட்டிக்கொடுப்பது பெற்றோல் வாளின் இரைச்சல். 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, காடுகளைக் காக்க இயந்திர வாள்களையே தடைசெய்யப்போவதாக அறிவித்தார். பொத்துவிலுக்கு மேற்கே லாகுகல யானைக்காடு இருக்கிறது. அயலவரின் உறக்கத்தைக் கெடுக்காத வாள், காவலரின் உறக்கத்தையும் கெடுக்காது என்பதை நாம் மறந்துவிடலாகாது.