கடல் கடந்த நாடகங்களும் காசுக்கு விற்ற நிமிடங்களும்

தொலைக்காட்சியில் பிறநாட்டு நாடகமொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "நீங்கள் பார்ப்பது முழு நாடகந்தானா?" என்று கேட்டால் அவர் வியப்படைவார். இடையில் விளம்பரம் வருகிறது. அது முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சிறிது எரிச்சல் உண்டாயினும் எதுவும் குறைந்துவிடவில்லை என்றே அவர் நம்புவார். இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது? ஒரு நாட்டில் ஆக்கப்பட்டு மற்றொரு நாட்டில் காட்டப்பட்ட நாடகங்களின் வரலாற்றைக் கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

இடைவேளை நாடகக் கலைக்குப் புதியதன்று. நமது கூத்துக்கள் விடிய விடிய ஆடப்பட்டவை. கட்டியகாரன் வந்து பேசும் வேளையில் பார்ப்போர் சற்றே இளைப்பாறுவர். ஆயினும் கட்டியகாரனும் கூத்தின் ஓர் உறுப்பே. மேலைநாட்டு நாடகத்தில் அங்கம் முடிந்ததும் திரை விழுகிறது. எங்கே நிறுத்துவது என்பதை இவ்விடங்களிலெல்லாம் நாடகத்தை ஆக்கியோரும் ஆடுவோருமே தீர்மானித்தனர். தொலைக்காட்சியில் அந்தத் தீர்மானம் வேறு கைக்கு மாறியது. அந்தக் கை எது என்பதை அறிய, ஐக்கிய அமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் வானொலியும், பின்னர் தொலைக்காட்சியும் வணிக நிறுவனங்களின் பணத்திலேயே வளர்ந்தன. சவர்க்காரக் கம்பனிகள் பணம் கொடுத்து நடத்திய பகல்நேர வானொலித் தொடர்களுக்குச் 'சவர்க்கார நாடகங்கள்' என்று பெயர் வந்ததே இதற்குச் சான்று. நாடகத்துக்குப் பணம் கொடுத்தவர் அதன் வசனத்திலும் கைவைத்தார். 1959ஆம் ஆண்டு சி.பி.எஸ். நிறுவனம் நியூரம்பேர்க் விசாரணை பற்றிய நாடகமொன்றை ஒளிபரப்பியது. அதற்குப் பணம் கொடுத்தோருள் எரிவாயுத் தொழிலாளர் அல்லர், எரிவாயுத் தொழிலின் முதலாளிகளது சங்கம் ஒன்று இருந்தது. நாஸிகள் மக்களைக் கொன்ற நச்சுவாயு அறைகளைக் குறிப்பிட்ட இடங்களில் 'வாயு' என்ற சொல்லின் ஒலி அகற்றப்பட்டது. மனித குலத்தின் மாபெரும் கொடுமையைக் கூறும் இடத்திலும், தமது சரக்கின் பெயருக்கு மாசு வரக்கூடாது என்பதே அவர்களின் கவலையாக இருந்தது.

இங்கிலாந்தின் நிலை வேறு. பி.பி.சி. மக்கள் செலுத்திய உரிமக் கட்டணத்தில் இயங்கியது. விளம்பரம் அங்கு இல்லை. வணிகத் தொலைக்காட்சி வேண்டுமா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1953 யூன் 2ஆம் திகதி எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா நடைபெற்றது. அமெரிக்க என்.பி.சி. நிறுவனம் அவ்விழாவைக் காட்டியபொழுது, இடையே தனது காலை நிகழ்ச்சியின் புகழ்பெற்ற சிம்பன்சிக் குரங்கையும் காட்டியது. இச்செய்தி இங்கிலாந்தில் பெருஞ் சினத்தை எழுப்பிற்று. முடியாட்சியின் மாண்பில் நமக்கு அக்கறை இல்லை. எதனை எதனோடும் ஒட்டிவைக்கத் தயங்காத வணிக முறையொன்று அன்று எல்லோர் கண்ணுக்கும் வெளிப்பட்டது என்பதே நாம் மனங்கொள்ளத்தக்கது.

1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம் இந்த அச்சத்தின் அடையாளங்களைத் தாங்கியது. விளம்பரதாரர் நிகழ்ச்சிகளை ஆக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும், நடுவே 'இயல்பான இடைவெளி' உள்ள இடத்திலும் மட்டுமே விளம்பரம் வரலாம். 1955 செப்டெம்பர் 22ஆம் திகதி வணிகத் தொலைக்காட்சி தொடங்கியபொழுது முதலில் வந்தது பற்பசை விளம்பரம். ஆனால், இயல்பான இடைவெளி என்பது எது? விளம்பரம் வர வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டால், எழுத்தாளன் அந்த நிமிடத்துக்கு ஏற்பக் கதையில் ஒரு திருப்பத்தை உண்டாக்குவான். இயல்பு கட்டளைக்குப் பிறக்கத் தொடங்கும்.

அமெரிக்காவில் இது முழுமையான கலைமரபாகவே வளர்ந்தது. ஒரு மணி நேர நாடகம் பல துண்டுகளாக எழுதப்பட்டது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பார்ப்போரை இருக்கையில் கட்டிவைக்கும் ஓர் அதிர்ச்சி வைக்கப்பட்டது. 1960களில் அத்தகைய நாடகம் ஏறக்குறைய 50 நிமிடங்கள் ஓடியது. இன்று பெரிய வலையமைப்புக்களில் அது ஏறக்குறைய 42 நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. 'ஒரு மணி நேரம்' என்ற பெயர் மாறவில்லை. உள்ளே இருக்கும் நாடகமே தேய்ந்தது.

நாடகங்கள் அத்திலாந்திக் கடலைக் கடந்தபொழுது இவ்விரு முறைகளும் மோதின. அமெரிக்க நாடகம் பி.பி.சி.யில் விளம்பரமின்றி ஓடியபொழுது விநோதமான காட்சி தோன்றியது. கதாநாயகன் மலைமுகட்டில் தொங்குகிறான், இசை உச்சத்தை அடைகிறது, திரை இருள்கிறது, மறுகணமே வெளிச்சம் வருகிறது, அவன் ஏறிவிடுகிறான்! விளம்பரம் இல்லாத இடத்திலும் விளம்பரத்தின் தழும்பு இருந்தது. எனினும் இதில் பார்ப்போர் எதையும் இழக்கவில்லை. எதிர்த்திசையில் சென்ற நாடகங்களின் கதி வேறாயிற்று.

கோல்ஸ்வேர்தியின் நாவல்களைத் தழுவிப் பி.பி.சி. 1967இல் காட்டிய 'ஃபோர்சைற் வரலாறு' 26 பகுதிகளைக் கொண்டது. சொத்துடைமையே வாழ்வாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் கதை அது. சோவியத் நாட்டுக்கு விற்கப்பட்ட முதலாவது பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரும் அதுவே. அமெரிக்காவில் 1969இல் அதனைக் காட்டியது விளம்பரம் ஏற்காத பொதுத் தொலைக்காட்சி. அந்த வெற்றியைத் தொடர்ந்து 1971இல் 'மாஸ்ரர்பீஸ் தியேட்டர்' என்ற வரிசை தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது மொபில் எண்ணெய்க் கம்பனி. நாடகத்தின் நடுவே விளம்பரம் இல்லை. முன்னும் பின்னும் கம்பனியின் பெயர் மட்டும் வந்தது.

அப்படியாயின் அங்கே நாடகம் முழுமையாக வந்ததா? இலண்டனிற் செல்வர் வீடொன்றில் மேல்மாடியில் எசமானரும் கீழ்த்தளத்தில் வேலையாட்களும் வாழ்ந்த வாழ்வைக் கூறும் 'அப்ஸ்ரெயர்ஸ், டவுன்ஸ்ரெயர்ஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். அது 1971 முதல் 1975 வரை 68 பகுதிகளாக வெளிவந்தது. 1974இல் அமெரிக்கர் அதனைப் பார்த்தபொழுது, முதலிரண்டு பருவங்களின் 26 பகுதிகளில் 13 மாத்திரமே காட்டப்பட்டன. சரிபாதி நீக்கப்பட்டது. தொடக்கப் பகுதிகள் சில கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. அவை அக்காலத்தில் அங்கு காட்டப்படவில்லை. அவை கறுப்பு வெள்ளையில் அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வண்ணக் கருவிகளைக் கையாள்வதற்குரிய ஊதியம் பற்றிய தகராறில், 1970 நவம்பர் முதல் 1971 பெப்ரவரி வரை வணிகத் தொலைக்காட்சித் தொழிலாளர் வண்ணத்தில் வேலை செய்ய மறுத்திருந்தனர். வேலையாட்களின் வாழ்வைக் கூறிய நாடகத்தில், தொழிலாளர் போராட்டத்தின் சுவடு பதிந்த பகுதிகள் கடல் கடக்கையில் உதிர்ந்துபோயின. பார்த்தவர்களோ தாம் தொடரை முதலிலிருந்து பார்ப்பதாகவே எண்ணினர்.

விளம்பரத்துக்கும் வெட்டுக்கும் உள்ள உறவை வெட்டவெளிச்சமாக்கியது ஒரு வழக்கு. 'மொன்றி பைதன்' என்ற பெயரில் ஆறு கலைஞர்கள் பி.பி.சி.க்காக எழுதி நடித்த நகைச்சுவை நாடகங்கள் ஒவ்வொன்றும் 30 நிமிடங்கள் கொண்டவை. 1974 முதல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் அவற்றைக் காட்டி வந்தன. அவை பெற்ற செல்வாக்கைக் கண்ட ஏ.பி.சி. என்ற வணிக நிறுவனம், 1975 யூலையில் மூன்று நாடகங்களைச் சேர்த்து 90 நிமிட நிகழ்ச்சியாக்கி, அத்தகைய இரண்டினைக் காட்ட ஒப்பந்தஞ் செய்துகொண்டது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்க்கவேண்டும். மூன்று நாடகங்களின் மொத்த நீளம் 90 நிமிடங்கள். ஏ.பி.சி. ஒதுக்கிய நேரமும் 90 நிமிடங்கள். விளம்பரத்துக்கு இடம் எங்கே? 1975 ஒக்ரோபர் 3ஆம் திகதி முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பாகியபொழுது 24 நிமிடங்கள் வெட்டப்பட்டிருந்தன. விளம்பரத்துக்கு இடம் தேவைப்பட்டது ஒரு காரணம்; சில பகுதிகள் ஆபாசமானவை என்று கருதப்பட்டது மற்றொரு காரணம். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. இதன் விளைவைக் காட்ட மேன்முறையீட்டு நீதிமன்றமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. உயர்குடும்பம் ஒன்று சொற்களின் ஓசை நயத்தைப் பற்றி உரையாடுகிறது. தந்தை பாலியல் சாயல் கொண்ட சொற்களைக் கூறத் தொடங்குகிறார். தாய் ஒரு வாளி நீரைக் கொணர்ந்து அவர் தலையில் ஊற்றுகிறாள். நடுப்பகுதி வெட்டப்பட்டதால், ஒரு கணம் உலர்ந்த உடையோடு அமர்ந்திருக்கும் தந்தை, மறுகணம் நனைந்து நிற்கிறார். ஏன் என்பது பார்ப்போருக்குத் தெரியாது. எழுதியவர்களுக்கு எழுதத் தெரியாது என்றே அவர்கள் முடிவு செய்திருப்பர்.

இரண்டாவது நிகழ்ச்சி டிசெம்பர் 26ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அதனைத் தடுக்கக் கலைஞர்கள் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தனர். வெட்டுக்கள் படைப்பின் முழுமையைக் குலைத்தன என்பதை முதல் நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயினும் தடையுத்தரவு வழங்க மறுத்தார். தடுத்தால் நிறுவனத்துக்கு நட்டம் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. ஆனால், 1976 யூன் 30ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் கலைஞர்களின் பக்கம் நின்றது. எழுத்தாளரின் இசைவின்றி எழுத்தில் பெருமாற்றம் செய்யும் உரிமையை அவர்கள் பி.பி.சி.க்குக் கொடுக்கவில்லை, தன்னிடம் இல்லாத உரிமையைப் பி.பி.சி. விற்பனை நிறுவனத்துக்குக் கொடுக்க இயலாது, அந்நிறுவனம் ஏ.பி.சி.க்குக் கொடுக்கவும் இயலாது. மேலும், சிதைந்த படைப்பை ஆக்கியோரின் பெயரில் காட்டுவது, அவர்கள் ஆக்காத ஒன்றை அவர்களுடையதென்று காட்டுவதாகும் என்றும் நீதிமன்றம் கருதியது.

இவ்வழக்கில் கலைஞர்கள் வென்றதற்குக் காரணம், தம் எழுத்தின்மீதான உரிமையை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தமையே. அவ்வாறு வைத்திருக்க வலுவில்லாத எழுத்தாளர் எத்தனை பேர்! கூலிக்கு எழுதிக் கொடுத்து உரிமையை இழந்தவனின் நாடகம் வெட்டப்பட்டால், அவன் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவான்? ஐரோப்பிய நாடுகள் 1989இல் வகுத்த பொதுவிதியும் இதனையே நினைவூட்டுகிறது. முழுநீளத் திரைப்படத்தை 45 நிமிடங்களுக்கு ஒருமுறைக்கு மேல் விளம்பரத்தால் நிறுத்தக்கூடாது என்ற அவ்விதி, தொடர் நாடகங்களை அப்பாதுகாப்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியது. தொடர் நாடகம் கலையாக மதிக்கப்படவில்லை.

பிரித்தானிய இடதுசாரித் திறனாய்வாளர் றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட நூலில் தமது அநுபவமொன்றைக் குறிப்பிட்டார். கப்பலில் வந்து மயாமி நகரில் இறங்கிய இரவு அவர் தொலைக்காட்சியில் ஒரு திரைப்படம் பார்த்தார். இடையிடையே விளம்பரங்கள் மட்டுமன்றி, வேறு இரு படங்களின் முன்னோட்டங்களும் வந்தன. எது எந்தக் கதை என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தனித்தனி நிகழ்ச்சிகளும் இடைவேளைகளும் இருப்பதாக எண்ணுவது தவறு. எல்லாம் திட்டமிட்டுக் கோத்த ஒரே ஓட்டம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1977இல் கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் மேலும் ஒருபடி சென்றார். வணிகத் தொலைக்காட்சி விற்பது நாடகத்தை அன்று. பார்ப்போரையே அது விளம்பரதாரருக்குச் சரக்காக விற்கிறது என்றார்.

இக்கருத்துக்கள் இரண்டும் நமக்குத் துணைபுரிவன. ஆயினும், மேலே கண்ட வரலாறு இன்னோர் உண்மையையும் உணர்த்துகிறது. விளம்பர இடைவேளை தன்னை மறைப்பதில்லை. அது வரும்பொழுது நாம் அறிவோம். சினப்படலாம், எழுந்து செல்லலாம். வெட்டு அப்படியன்று. அது தன் தடத்தைத் தானே அழித்துவிடுகிறது. விளம்பரத்தைப் பழிக்கும் நாம், அதற்கு இடம் தர வெட்டுண்டு போனதைக் கேட்பதேயில்லை. ஏனெனில் அது இருந்ததென்பதே நமக்குத் தெரியாது. குறையுடைய கதையைப் பார்த்துவிட்டுக் குறையை எழுத்தாளன்மேல் சுமத்துகிறோம்.

பணம் எங்கிருந்தாவது வரவேண்டுமே என்று சிலர் கூறுவர். உண்மைதான். உரிமக் கட்டணத்திலும் பொதுப்பணத்திலும் நாடகம் ஆக்கலாம் என்பதைப் பி.பி.சி. காட்டியது. விளம்பரமே வழி என்றாலும், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்பதைப் பொதுவிதி தீர்மானிக்க முடியும் என்பதை 1954ஆம் ஆண்டுச் சட்டம், அதன் குறைகளோடும், காட்டியது. விதிகள் தளர்த்தப்பட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1984இல் தொலைக்காட்சி விளம்பர நேர வரையறைகளைக் கைவிட்ட அமெரிக்கா சான்று. இணையவழி வந்த நிறுவனங்கள் விளம்பரமற்ற நாடகம் என்று கூறியே மக்களைச் சேர்த்தன. 2022 நவம்பரில் நெற்பிளிக்ஸ் விளம்பரத்துடன் கூடிய மலிவுக் கட்டணத்தைக் கொணர்ந்தது. 2024இல் அமேசனும் தனது நாடகங்களிடையே விளம்பரங்களைப் புகுத்தியது. இடைவெளியே இல்லாது எழுதப்பட்ட கதைகளுக்கும் இப்பொழுது இடைவெளி உண்டாக்கப்படுகிறது.

இலங்கையில் ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அன்றுமுதல் பிறநாட்டு நாடகங்கள் நமது வீட்டு விறாந்தைவரை வந்துவிட்டன. வகுப்பறையில் நாம் ஒரு செய்யுளைக் கற்பிக்கும்பொழுது பாடபேதம் பார்க்கிறோம். ஓரடி விடுபட்டிருந்தால் பதிப்பாசிரியரைக் கேள்வி கேட்கிறோம். சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களுக்கு நாம் காட்டும் இந்த விழிப்பைத் திரையில் வரும் கதைகளுக்கும் ஏன் காட்டக்கூடாது? இந்நாடகத்தின் முழு நீளம் எவ்வளவு, நமக்குக் காட்டப்பட்டது எவ்வளவு, குறைத்தவர் யார், ஆக்கியோரின் இசைவு பெறப்பட்டதா என்று நமது மாணவர் கேட்கப் பழகவேண்டும். வெட்டினால் வெட்டியதாக அறிவிக்க வேண்டும் என்ற சிறு கோரிக்கையையாவது பார்ப்போர் ஒன்றுபட்டு எழுப்பலாம். நனைந்து நின்ற அந்தத் தந்தையின் தலையில் நீரை ஊற்றியவர் யார் என்று கேட்கும் உரிமை, பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் உண்டு.