காப்பு போர்ட்டின் வரலாறு: அடைப்பிலிருந்து ஆயத்தத்திற்கு

ஈதர்நெட் வலையமைப்பில் பழுதுக்கு அஞ்சி இரட்டைத் தடம் அமைப்பின், தரவுச்சட்டங்கள் முடிவின்றிச் சுழன்று வலையமைப்பையே முடக்கிவிடும். அவற்றின் ஆயுளை வரையறுக்கும் எண் ஈதர்நெட்டில் இல்லாமையே இதற்குக் காரணம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் இதற்கான தீர்வை 1985இல் வெளியிட்டார். அவரது ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை மிகைத்தடத்தை அடைத்துவைத்து, பழுது நேர்கையில் மட்டும் திறந்தது. 1990இல் அது ஐஇஇஇ 802.1டி தரமாயிற்று. எனினும், இயல்பு அமைப்பில் மாற்றுத்தடம் செயற்பட 30 முதல் 50 நொடிகள் வரை ஆயின.

2001இல் வந்த 802.1டபிள்யூ, அடைபட்ட போர்ட்டுகளை ‘மாற்று’, ‘காப்பு’ என வகுத்தது. முன்னது வேர் சுவிட்சை அடையும் வேறு வழி. பின்னது ஒரே பிரிவுடன் அதே சுவிட்ச் கொண்டுள்ள இரண்டாம் இணைப்பு. இவ்வகுப்பால், பழுதுக்குப்பின் வழி தேடும் நிலை பெரிதும் நீங்கியது. ஆகவே இவ்வரலாற்றை, அடைபட்ட போர்ட்டுக்குப் பணி வகுத்த வரலாறாகக் கொள்வதே பொருந்தும்.