கோபோல் மொழியும் அதன் ஊழியரும்

1959ஆம் ஆண்டு மே மாதத்திலே, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பென்டகன் மாளிகையில் ஒரு கூட்டம் கூடிற்று. ஒரு நிறுவனத்தாரின் கணினிக்கென எழுதிய நிரல் மற்றொரு நிறுவனத்தாரின் கணினிக்கு உதவாத காலம் அது. இயந்திரம் மாறுந்தோறும் நிரலனைத்தையும் புதிதாக எழுத நேர்ந்தமையாற் பெரும்பொருள் விரயமாயிற்று. அக்குறையை நீக்கப் பிறந்ததே கோபோல். கிறேஸ் ஹொப்பர் அம்மையார் முன்னரே ஆக்கிய புளோ-மற்றிக் என்னும் மொழி அதற்கு வித்தாயிற்று. 1960 டிசெம்பரில், சிறு மாற்றங்களோடு ஒரே நிரல் இருவேறு நிறுவனங்களின் கணினிகளில் இயங்கியது.

வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அதனை விரும்பி ஏற்றன. அறிஞருலகமோ மதிக்கவில்லை. அதனைக் கற்பித்தலே குற்றமெனத் தகும் என்று 1975இல் எழுதினார் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா. நாளடைவில் மாணவரும் சி, யாவா முதலிய மொழிகளை நாடினர்.

ஆனால், பழைய நிரல்கள் ஓயவில்லை. நினைவகம் அருமையாயிருந்த நாளிலே ஆண்டை ஈரிலக்கத்தாற் குறித்துவிட்டனர். 2000ஆம் ஆண்டை இயந்திரம் 1900 என மயங்குமோ என்ற அச்சம் எழுந்தது. ஓய்வுபெற்றிருந்தோர் மீண்டும் அழைக்கப்பட்டனர். அவ்வேலை முடிந்ததும் அவர்களை நாடுவார் குறைந்தனர்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவியவே, நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தோரை வேண்டி அறிக்கை விடுத்தார். பழியைப் பலர் மொழியின்மேற் சுமத்தினர். பேணுதற்கு ஆளமர்த்தாமை மொழியின் பிழையன்று. அவர் வேண்டியதும் ஊதியம் பெறும் ஊழியரையன்று, தொண்டரையே.