மொட்டை மலை என்று சொல்லாதீர்கள்



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறார். தன் வீட்டுக்குப் பின்னால் தெரியும் மலையை ஒரே இடத்தில் நின்று, கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம், வசந்தம் என்று நான்கு பருவத்திலும் படமெடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "சார், நம்ம பக்கம் இந்த மாதிரி மலையை வருஷக்கணக்கா யாராவது படம் எடுத்திருக்காங்களா?" பதிலை அவருக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எடுத்திருக்கிறார்கள். கேமரா உலகத்துக்கு வந்தது 1839ல். சென்னையில் 1856லேயே புகைப்படச் சங்கம் ஒன்று தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். 1850ல் சென்னையில் ஓவியப் பள்ளியை ஏற்படுத்தியவரும் அவரே. இன்று எழும்பூரில் இருக்கும் கவின் கலைக் கல்லூரியின் ஆரம்பம் அதுதான்.

அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை அரசு தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. அவர் 1858ல் மதுரைக்குப் போய்க் கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்ததோடு, ஊருக்கு வெளியே படுத்த யானை போல் கிடக்கும் யானைமலையையும் எடுத்தார். அவர் பயன்படுத்தியது காகித நெகடிவ். அதில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். அதனால் பல படங்களில் நெகடிவின் மேல் கையால் சாயம் தீட்டி மேகத்தை உண்டாக்கினார். அவரிடம் உதவியாளராக இருந்த ஐயாசாமி என்பவர் பிறகு ஓவியப் பள்ளிக்காகப் படமெடுத்தார். நம்மவர்களும் ஆரம்பத்திலேயே இந்தத் தொழிலில் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ட்ரைப்பின் படத்தையும் இன்றைய யானைமலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உருவம் அப்படியே இருக்கிறது. அது தானாக நடந்ததல்ல. 2010ல் அந்த மலையைச் சிற்ப நகரமாகச் செதுக்கும் திட்டம் வந்தபோது, சுற்றியுள்ள ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் மாணவர் கேட்ட மாதிரி, மலையிலேயே குடியிருந்து வருஷக்கணக்காகப் படமெடுத்தவரைத் தேடினால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும்.

1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேல் ஏறினார். 1822ல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். அதன்பின் வெள்ளையர்கள் அங்கே குடியேறி, அந்தக் குளிரையும் உருண்டு திரண்ட குன்றுகளையும் பார்த்து, தங்கள் ஊர் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'கிளென்' என்றால் பள்ளத்தாக்கு. நீலகிரியில் கிளென்மார்கன் என்று ஓர் இடம் இன்றும் இருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய மெக்ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்.

இமயமலையில் பதினெட்டாயிரம் அடிக்கு மேல் கேமராவைக் கொண்டுபோய்ப் பெயர் வாங்கிய சாமுவேல் போர்ன் 1869ல் உதகைக்கு வந்து படமெடுத்தார். அவர் வந்து போனவர். ஆல்பர்ட் பென் என்பவர் அங்கேயே இருந்தவர். 1849ல் இங்கிலாந்தில் பிறந்து, இளம் வயதிலேயே இந்தியா வந்து, 1870களின் நடுவில் உதகையில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். ஊர், ஏரி, குன்றுகள், தோடர் மந்துகள் என்று பல ஆண்டுகள் எடுத்தார். 1924ல் காலமானார். அவர் வழிவந்த கிறிஸ்டோபர் பென் அந்தப் படங்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகங்களாக வெளியிட்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் மலையைப் படமெடுப்பது எவ்வளவு பாடு தெரியுமா? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினைத் தடவி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே படமெடுத்து, ஈரம் காயும் முன்பே கழுவியும் ஆக வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆகவே இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடித் தகடுகள் எல்லாம் கூலியாட்கள் தலையில் ஏறி மலைக்குப் போயின. உலர்ந்த தகடுகள் கடைக்கு வந்ததே 1870களின் கடைசியில்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தத் தகடு நீல ஒளியை மிக வேகமாக உள்வாங்கும், பச்சையைச் சரியாக உள்வாங்காது. எனவே நீல வானம் வெள்ளையாகிவிடும், மரம் கறுப்பாகிவிடும். நீலகிரிக்குப் பெயர் கொடுத்த அந்தத் தூரத்து நீலம் படத்தில் வெளுத்து மறைந்துவிடும். நீல மலையின் நீலத்தைத் தவிர மற்றதெல்லாம் விழுந்தது என்று சொல்லலாம்.

விழுந்தவற்றில் முக்கியமானது புல். 1860, 70களின் உதகைப் படங்களை இணையத்தில் பாருங்கள். குன்றுகள் வழவழவென்று மொட்டையாக இருக்கும். இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் மட்டும் கறுப்புத் திட்டாகச் சோலைக்காடு தெரியும். வீடுகளின் ஓரத்தில் புதிதாக நட்ட மரங்கள் குச்சி குச்சியாக நிற்கும். இன்று அதே குன்றுகளில் பல தைல மரமும் சீகை மரமும் பைனும் மூடிக் கிடக்கின்றன, மீதியில் தேயிலை. பார்க்கிறவர்கள் "அப்போ மொட்டையா இருந்தது, இப்போ பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு" என்பார்கள். அப்படித்தான் நமக்குத் தோன்றும். ஆனால் உண்மை அதற்கு நேர் எதிர்.

ஸ்காட்லாந்து மலையையும் நீலகிரியையும் ஒப்பிட்டால் இது விளங்கும். ஸ்காட்லாந்தின் மொட்டை மலைகள் பலவற்றில் ஒரு காலத்தில் பைன் காடு இருந்தது. மனிதர்கள் வெட்டினார்கள். மிஞ்சியதை ஆடும் மானும் முளைக்க விடாமல் மேய்ந்தன. எனவே அங்கே மரம் நடுகிறவர் இழந்ததை மீட்கிறார். நீலகிரியின் உச்சிப் புல்வெளி யாரும் வெட்டி உண்டானதல்ல. இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993ல் வெளியிட்ட முடிவு, சுமார் இருபதாயிரம் ஆண்டுக் கதையைச் சொல்கிறது. புல்லும் சோலையும் காலநிலைக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் கூடவே வாழ்ந்திருக்கின்றன. படத்தில் இரண்டும் ஒன்று போலவே மொட்டை மலைதான். அங்கே அது காயம், இங்கே அது ஆரோக்கியம். படத்தோடு வரலாறும் தெரிந்தால்தான் இது புரியும்.

புல்தரையை ஆங்கில ஆட்சி பயனற்ற தரிசு என்று கணக்கெழுதியது. 1843ல் தைல மரம் நீலகிரிக்கு வந்தது. விறகுக்காக நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் காகிதக் கூழுக்கும் செயற்கைப் பட்டு நூலுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் மேலும் மேலும் நட்டோம். விளைவு என்ன? கிளென்மார்கனில் அரசு ஆராய்ச்சி நிலையத்தார் புல்வெளி ஓடை ஒன்றையும், தைல மரம் நட்ட இடத்தின் ஓடை ஒன்றையும் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். மரம் நட்ட பக்கம் ஓடை நீர் குறைந்தது. மலைப்புல் மழையையும் பனித்துளியையும் பஞ்சு போல் வாங்கி மெதுவாக விடும். பவானியும் மோயாறும் அப்படி ஊறி வரும் நீர்தான். நம் மாநில விலங்கான வரையாடும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. தோடர்களுக்கோ எருமை மேய்வதற்கும், கோயிலுக்கும் வீட்டுக்கும் கூரை வேய்வதற்கும் அந்தப் புல்தான்.

எவ்வளவு போய்விட்டது என்பதையும் படங்கள்தான் சொல்லின. இந்த முறை வானத்திலிருந்து எடுத்தவை. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இப்போது நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்நிய மரங்களை அகற்றும் வேலை நடக்கிறது. அகற்றிய இடத்தில் எது முன்பு புல், எது சோலை என்று கேட்டால் பழைய படங்கள் பதில் சொல்லும். கனடாவில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். நூறாண்டுக்கு முன் நில அளவைக்காரர்கள் மலைமேல் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் ஏறி நின்று மறுபடியும் எடுக்கிறார்கள்.

பருவம் பற்றியும் கேட்டிருந்தார். நீலகிரிக்கு ஸ்காட்லாந்து போல் நான்கு பருவம் என்று பிரிக்க முடியாது. ஜூன் முதல் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. மார்கழி, தையில் உறைபனி விழுந்து புல் கருகும். மாசி, பங்குனியில் எல்லாம் பழுப்பாகும். சித்திரைக் கோடை மழையில் மறுபடி பச்சை. இது ஒரு வருடக் கணக்கு. நீலக்குறிஞ்சிக்கோ பன்னிரண்டு வருடக் கணக்கு. 2006லும் 2018லும் பூத்தது. குறிஞ்சியையும் சேர்த்து நம் மலையை முழுதாகப் படமெடுக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு ஆண்டு வேண்டும்.

"நமக்கு மலை ஏது சார், குத்தம்பாக்கத்தில்?" என்று கேட்பீர்கள். பரங்கிமலையை விட்டால் நமக்கு மலை இல்லைதான். ஏரி இருக்கிறது. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் ஏரி, கார்த்திகையில் கலங்கலுக்கு வந்துவிடும். கரைக்குப் பக்கத்தில் வயலும் மேய்ச்சல் நிலமும் மனைகளாகின்றன, சாலை வருகிறது, கட்டடம் வருகிறது. 'பயனற்ற தரிசு' என்ற அதே வார்த்தையை இங்கேயும் சொல்வார்கள். அந்த நாளில் ஏரி எதுவரை இருந்தது என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. தலையில் கூடாரம் தூக்க வேண்டாம், வெள்ளி நைட்ரேட் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஏரியோ குளமோ வயலோ, நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் மலையோ, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அசையாத அடையாளம் ஒன்றின் பக்கத்தில் நின்று, அது மதகானாலும் பனைமரமானாலும் சரி, சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என்று வருடத்துக்கு நான்கு படம் எடுங்கள். நிறத்தை மாற்றும் வேலை எதுவும் செய்யாதீர்கள். தேதி, இடம், எந்தத் திசை பார்த்து எடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அழகாக வர வேண்டும் என்று அவசியமில்லை, விடாமல் எடுத்தால் போதும்.

தை மாதப் படத்தை இந்தப் பதிவின் கீழேயே போடுங்கள். நான் ஏரிக்கரை மதகுப் பக்கம் நின்று எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
குத்தம்பாக்கம்.