சம்மதமும் தாய்மொழியும்

கடையிலே ஒரு பொருளை வாங்கிக்கொண்டு பணம் செலுத்த நிற்கிறோம். கணக்கர் நம் தொலைபேசி எண்ணைக் கேட்கிறார். ஊர் தில்லியாயினும் மும்பையாயினும், அவர் பேசும் மொழி நம்மிற் பலருக்கு அரைகுறையாகவே விளங்குகிறது. பின்னால் வரிசை நீள்கிறது. எண்ணைச் சொல்லிவிட்டு நகர்கிறோம். அவ்வெண் எதற்குப் பயன்படப்போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா? இக்கேள்விக்கு விடை காண நம் நாட்டுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

1954-ல் எம். பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்க உரிமையை நமது அரசியல் சட்டத்தில் காண மறுத்தது. 1962-ல் உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங்கின் வழக்கு வந்தது. போலீசார் இரவில் வீடு புகுந்து சோதிப்பது செல்லாது என்று கூறிய நீதிமன்றம், அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றும் பெரும்பான்மையாய்த் தீர்ப்பளித்தது. நீதிபதி சுப்பாராவ் தமது மாறுபட்ட தீர்ப்பில், அது தனிமனித சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்று எழுதினார். அவ்வித்து முளைக்க 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்டு 24-ல், ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதனை அடிப்படை உரிமையென ஏற்றனர்.

இவை பெரும்பாலும் அரசாங்கத்துக்கும் பிரஜைக்கும் இடையே எழுந்த வழக்குகள். வணிகர்களுக்கென 2011-ல் வந்த விதிகள் கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு, கைரேகை போன்றவற்றையே நுண்ணிய தகவல்களாகக் கருதின. கடையில் நாம் சொல்லும் தொலைபேசி எண் அப்பட்டியலில் இல்லை. இக்குறையை 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்க முற்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அவை 18 மாத அவகாசம் அளித்தன.

இரசீது அனுப்புவதற்கென்று பெற்ற எண்ணை, நம் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது இச்சட்டத்தின் கருத்து. சம்மதம் அளிப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும். தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு.

எனினும் குறைகளும் உள. தண்டத்தொகை அரசாங்கக் கருவூலத்துக்கே செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பழைய பிரிவு, புதிய சட்டம் முழுமையாகச் செயலுக்கு வருகையில் நீங்கிவிடும். கணினியில் ஏற்றப்படாத காகிதப் பதிவேட்டை இச்சட்டம் தொடுவதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஓர் ஏற்பாடு விலைமதிப்பற்றது. சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலுமோ படிக்க வாய்ப்பளித்தல் வேண்டும். அவற்றுள் தமிழும் ஒன்று. இவ்வுரிமை மாநில எல்லையோடு நின்றுவிடுவதன்று. நாக்பூரிலும் கல்கத்தாவிலும் அதே உரிமைதான்.

எம் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு இதில் பொறுப்பு மிகுதி. சட்டம் கேட்பது விவரமறிந்து அளிக்கும் சம்மதம். படித்தவருக்கு விளங்காத தமிழில் அதைப் பெறுவது, தெரியாத மொழியில் பெறுவதற்கு ஒப்பாகும். நாமோ தமிழில் கேட்கத் தயங்குதல் கூடாது. கேட்பார் இல்லாவிடில், சட்டம் தந்த உரிமை ஏட்டிலேயே உறங்கிவிடும்.