காத்துல போயிடும்

தாத்தா வயலுக்கு பி.எச்.சி. பொடி தூவியதை நான் பார்த்ததில்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். புவனகிரி பக்கம் எங்கள் ஊரில், சம்பா பால் பிடிக்கும் சமயத்தில், கதிர்நாவாய்ப் பூச்சிக்காக முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் தூவுவாராம். நெடி தாங்காமல் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால், "ரெண்டு நாள்தான்டா, காத்துல போயிடும்" என்பாராம்.

எங்கே போகும்? அதை அளந்து பார்த்தவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். 1980களின் இறுதியில், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஏ. ரமேஷ், ஏ.என். சுப்பிரமணியன் முதலானோர், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனாபே குழுவோடு சேர்ந்து, மாதாமாதம் காற்றையும் வெள்ளாற்றுத் தண்ணீரையும் சேகரித்துச் சோதித்தார்கள். நெல் பூக்கும் பருவத்தில் காற்றில் பி.எச்.சி. கூடியது. வயலிலேயே மருந்தைத் தூவியும் பார்த்தார்கள். 1991இல் வெளியான கணக்கின்படி, தூவியதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகக் காற்றில் கலந்துவிட்டது. ஆற்று முகத்துவாரத்துக்குப் போனது அரை சதவீதம்கூட இல்லை. காரணம் நம் வெயில்தான்.

இந்த ஆவி வெப்பமான இடத்தில் எழும்பும். குளிர்ந்த இடத்தில் படியும். திரும்ப எழும்பும், திரும்பப் படியும். இப்படியே வடக்கே நகர்ந்து ஆர்க்டிக் வரை போய்விடும். அந்தக் குளிரில் எளிதில் சிதையாது. தண்ணீரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து சீலின் கொழுப்புக்கு, அதைத் தின்னும் மனிதருக்கு.

1980களில் கனடாவின் நுனாவிக்கில் இனுயிட் தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். தொழிற்சாலைகளே இல்லாத ஊர். ஒப்பிடுவதற்குச் சுத்தமான மாதிரி கிடைக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் தெற்கு கியூபெக் தாய்மார்களைவிடப் பல மடங்கு பி.சி.பி. அதில் இருந்தது. பி.சி.பி. தொழிற்சாலைச் சரக்கு, வயல் மருந்தல்ல. ஆனால் பி.எச்.சி.யும் அதே பாதையில்தான் போனது. ஆர்க்டிக் கடலிலும் காற்றிலும் அதை அளந்திருக்கிறார்கள். அதில் சீனாவுடையது எவ்வளவு, எங்கள் வயலுடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தியா 1997இல் பி.எச்.சி.யைத் தடைசெய்தது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது சேர்ந்தது.

சாஃப்ட்வேர் வேலையில் டெலிட் செய்தது பெரும்பாலும் வேறெங்கோ கிடக்கும். அது எனக்குப் பழக்கம்தான். இருந்தும் அந்த 99ஐப் படித்த அன்று சும்மா இருக்க முடியாமல் அப்பாவுக்கு போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ தாத்தா சொன்னது சரிதான், காத்துலதான் போயிருக்கு" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பளைங்க ஊர்ல நெல்லே விளையாதேடா" என்றார்.