கம்பெனிக்காரன் கொடுத்த அவகாசம்

போன வாரம் எங்கள் கல்லூரி சீனியர் ஒருவரைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் மாதமே டார்கெட், இரண்டாம் மாதம் எச்சரிக்கை, மூன்றாம் மாதம் கும்பிடு. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. "கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னு இப்பதான்டா புரிய ஆரம்பிச்சுது" என்றார். அதுதான் மனதை உறுத்தியது.

புதிதாக வருபவனுக்குக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் கொடுக்கலாம்? இது பழைய கேள்வி. கிழக்கிந்தியக் கம்பெனியே இதில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறது.

கம்பெனியில் புதிதாகச் சேரும் இளைஞனுக்கு 'ரைட்டர்' என்று பெயர். பதினாறு, பதினேழு வயதில் கப்பலேறி வருவான். வெறும் வியாபாரம் நடந்தவரை கடிதமும் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும். 1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கைக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. மொழியே தெரியாதவன் வரி வாங்க வேண்டும், வழக்கு விசாரிக்க வேண்டும்!

இதைச் சரிசெய்ய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். புதியவர்களுக்கு மூன்று வருடம் படிப்பு, அதன் பிறகே வேலை என்பது அவர் திட்டம். லண்டனில் இருந்த இயக்குநர்கள் செலவைப் பார்த்து அலறினார்கள். 1802-இல் மூடச் சொல்லியே உத்தரவு போட்டார்கள். கடைசியில் அது மொழிப் பள்ளியாகச் சுருங்கிப் பிழைத்தது. ஆனால் அதே இயக்குநர்கள் 1806-இல் இங்கிலாந்திலேயே ஒரு பயிற்சிக் கல்லூரி திறந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

நம் சென்னைக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1796-இல் தானும் ஒரு ரைட்டராக இங்கே வந்தவர் எல்லிஸ். 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவானதில் முக்கியப் பங்கு அவருடையது. புதியவர்கள் இங்கே தமிழ், தெலுங்கு போன்ற மொழிகளைப் படித்த பிறகுதான் மாவட்டங்களுக்குப் போக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. தேர்வு உண்டு, தேறினால் படி உயரும். கல்கத்தாவில் படிக்க வந்த பையன்கள் கடன் வாங்கிக் கூத்தடித்ததும் நடந்ததால், இந்தக் கண்டிப்பு தேவைதான்.

சொல்லிக் கொடுத்தவர்கள் நம் ஊர்ப் புலவர்கள். அங்கே தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1816-இல், மாணவர்களுக்காக கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல், அதாவது நாற்பது வருடம் கழித்து! எந்த டார்கெட் பட்டியலிலும் இல்லாத பலன் இது.

கம்பெனியைப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். நம்மிடம் ஒழுங்காக வரி வாங்கத்தான் இத்தனை பாடும். ஆனால் லாபம் ஒன்றே குறியாக இருந்தவனுக்குக்கூட, தெரியாதவனை உடனே வேலையில் தள்ளினால் நஷ்டம் என்று புரிந்திருக்கிறது.

காமர்ஸ் மாணவனாக ஒரு விஷயம் சொல்கிறேன். கணக்கியல் தரம் 26-இன்படி பயிற்சிக்கு ஆகும் பணத்தைச் சொத்தாகக் காட்ட முடியாது, அந்த வருடச் செலவாகவே எழுத வேண்டும். ஊழியர் நாளைக்கே வேறு இடம் போய்விடலாமே, அவர் திறமை நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லையே என்பது காரணம். நியாயம்தான். ஆனால் புத்தகத்தில் செலவு என்று எழுதுவதால் மனதிலும் அப்படியே எழுதிக்கொள்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். மூன்று மாதச் சம்பளம் கொடுத்து, வேலை புரியத் தொடங்கிய நேரத்தில் ஆளை அனுப்பினால், அந்தச் செலவும் வீண்தானே?

சீனியருக்கு அடுத்த வாரம் வேறொரு இன்டர்வியூ. டார்கெட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பயிற்சி எத்தனை நாள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள் நண்பர்களே.